விழுந்தும் பிழைத்த பல்மானி

நவராத்திரியின் நிறைவிலே தொழில் செய்வோர் தத்தம் கருவிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூசை செய்யும் வழக்கம் எம்மவர்க்குப் புதிதன்று. சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவில், முந்தலுக்கு அப்பால், மோட்டார் சுற்றும் பட்டறை ஒன்றுண்டு. சென்ற ஆண்டு அப்பூசைக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். சுத்தியல், குறடு, அரம், கம்பி சுற்றும் கைராட்டு ஆகியன தரையிலே விரித்த பாயில் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு முக்காலியின்மீது வாழையிலை இட்டு, அவ்விலையில் ஒரு கரிய பெட்டியை வைத்திருந்தார்கள். அதன் தோல்வாரிலே ஒரு செவ்வரத்தம்பூ செருகப்பட்டிருந்தது. பெட்டியின் ஒரு மூலை உடைந்து பசையினால் ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடியின் குறுக்கே மயிரிழை போன்றதொரு கீறலும் தெரிந்தது.

“இதற்கு மட்டும் ஏன் தனியாசனம்?” என்று பட்டறைக்காரரை வினவினோம். “ஐயா, இது மூன்று தரம் செத்துப் பிழைச்ச சாமான்” என்றார் அவர். பின்னர் சிறிது நேரம் பேசாதிருந்து, “எங்கட பொடியனையும் பிழைக்க வைச்சது. ஆனால் அன்றைக்கு அவனைக் கொல்லப் பார்த்ததும் இதுதான்” என்றார்.

ஒரே கருவி ஒருவனைக் கொல்லவும் பார்த்து, காக்கவும் செய்த கதையைக் கூறுமுன் அக்கருவி யாதென்பதைச் சொல்லுதல் வேண்டும். அது ‘அவோமீற்றர்’ எனப் பெயர் பெற்ற பல்மானி. அதன் எட்டாம் மாதிரி. மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் கருவியைப் பல்மானி என்கிறோம். அம்பியர், வோல்ற்று, ஓம் என்னும் மூன்று அலகுகளின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தே ‘அவோ’ என்று பெயரிட்டார்கள்.

இதனை ஆக்கியவர் டொனால்ட் மக்காடி என்னும் பிரித்தானியத் தபாற்பகுதிப் பொறியியலாளர். அந்நாட்டிலே தந்தியும் தொலைபேசியும் தபாற்பகுதியின் பொறுப்பில் இருந்த காலம் அது. பழுது பார்க்கச் செல்லுந்தோறும் அம்பியர்மானி ஒன்று, வோல்ற்றுமானி ஒன்று, தடை அளக்கும் கருவி ஒன்று எனச் சுமந்து சென்று அவர் சலித்துப் போனார். அச்சலிப்பின் பயனாக 1923ஆம் ஆண்டில் முதலாவது அவோமீற்றர் விற்பனைக்கு வந்தது. அதனைச் செய்து விற்பதற்கென ஒரு கம்பனியும் அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்டது. மக்காடியோ அக்கம்பனியில் பங்கு வைத்திருந்தும் தபாற்பகுதி உத்தியோகத்தை விடவில்லை. 1933இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். ஆடலோட்டத்தை அளக்கும் வகையும் பின்னர் வந்தது. 1951இல் எட்டாம் மாதிரி வெளிவந்தது. சிறு சிறு திருத்தங்களுடன் அம்மாதிரி 2008ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. உள்ளே வேண்டிய நுண்ணிய பொறியுறுப்புக்களைச் செய்து தருவோர் அருகியமையே உற்பத்தி நின்றமைக்குக் காரணம். ஒரு மாதிரி 57 ஆண்டுகள் சந்தையில் நிலைத்து நிற்பது மின்கருவிகளின் உலகில் அரிதினும் அரிது.

இனி, இப்பெட்டிக்குள் இருப்பது யாது? பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்த இயங்குசுருட் கல்வனோமானிதான். ஒரு நிலைக்காந்தத்தின் முனைகளுக்கிடையே, மயிரினும் மெல்லிய செப்புக் கம்பியாற் சுற்றிய சுருளொன்று தொங்குகிறது. சுருளின் மேலும் கீழும் கூரிய உருக்கு முனைகள் உள்ளன; அவை கிண்ணம்போற் குடைந்த சிறு இரத்தினக் கற்களிற் பொருந்திச் சுழல்கின்றன. சுருளைப் பழைய நிலைக்கு மீட்பவை கடிகாரத்தில் உள்ளவை போன்ற மெல்லிய வில்கள். எட்டாம் மாதிரியின் சுருளிலே ஓர் அம்பியரின் இருபதினாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மைக்குரோ அம்பியர், ஓடினாற் போதும். காட்டி அளவிடையின் கடைக்கோடிக்குச் சென்றுவிடும். இத்துணை மென்மையான பொருளைப் பட்டறையிலே, சுத்தியலுக்கும் குறட்டுக்கும் நடுவே, ஏணியிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் கொண்டு திரிகிறார்கள் என்பதை எண்ணும்போதே வியப்பு உண்டாகிறது.

விழுந்தால் முதலிற் கெடுவது அந்த முனைதான். சுருளின் எடை சொற்பம். ஆயினும் அது முழுவதும் ஊசிமுனையளவான இடத்தில் தங்குவதால், பெட்டி தரையில் மோதும் கணத்தில் அங்கே எழும் அழுத்தம் மிகப் பெரிது. முனை மழுங்கும், அல்லது கல் பிளக்கும். அதன்பின் காட்டி ஓரிடத்தில் ஒட்டி ஒட்டி நகரும். வேலை தெரிந்தவர்கள் கண்ணாடியை மெல்லத் தட்டிப் பார்ப்பது இதற்காகவே. தட்டியதும் காட்டி இடம் பெயருமாயின் அக்கருவி எங்கோ விழுந்து எழுந்தது என்று அறிந்துகொள்ளலாம்.

இங்கே மாணவர் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. பழைய கல்வனோமானி ஒன்றை எடுத்து இலேசாக அசையுங்கள். காட்டி அங்குமிங்கும் துள்ளும். பின்பு அதன் இரு முடிவிடங்களையும் ஒரு செப்புக் கம்பியால் இணைத்துவிட்டு அசையுங்கள். காட்டி எண்ணெயில் அமிழ்ந்ததுபோல மந்தமாகிவிடும். காந்தப் புலத்தில் அசையும் சுருளிலே மின் தூண்டப்படுகிறது. சுற்று மூடியிருப்பதால் அம்மின் ஓடி, தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கிறது. இலென்சின் விதி என்று நாம் கரும்பலகையில் எழுதி விளக்குவது இதுவே. பயணத்தின்போது சுருளின் முனைகளைச் சேர்த்துவைக்கும் ஒழுங்கு பல கருவிகளில் இருப்பதன் காரணமும் இதுவே. மென்மையான சுருள் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. பஞ்சு மெத்தை வேண்டியதில்லை.

பட்டறைகளிலே விழுந்து கெடுவதிலும் மனிதர் பிழையாற் கெடுவது அதிகம். நாம் கற்பிக்கும் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் ஒருமுறை நிகழ்ந்ததைச் சொன்னால் விளங்கும். மாணவன் ஒருவன் மின்னோட்டத்தை அளந்து முடித்தான். பின் தெரிவாளியைத் திருப்ப மறந்து, அதே நிலையில் இரு கம்பிகளையும் சுவர்க் குதையிற் செருகினான். அம்பியர்மானி என்பது தடை மிகக் குறைந்த கருவி; அதை 230 வோல்ற்றுக்குக் குறுக்கே இணைப்பது வெறுங் கம்பியை இணைப்பதற்கு ஒப்பாகும். ‘டக்’ என்றொரு சத்தம் கேட்டது. வகுப்பே எழுந்து நின்றது. கருவி புகையவில்லை, கருகவில்லை. அதன் முகத்திலே சிறு பொத்தானொன்று மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. (அம்மாணவன் முகத்தில் இருந்த வெளிறலைப் பற்றி எழுத வேண்டியதில்லை.)

அப்பொத்தானே அவோமீற்றரின் பெருமை. அளவுக்கு மீறிய ஓட்டம் பாய்ந்தவுடன் சுருள் வேகத்தோடு திரும்பிக் காட்டியைக் கடைக்கோடிக்கு எறிகிறது. அவ்வேகமே அங்குள்ள சிறு நெம்பைத் தட்டுகிறது. நெம்பு விடுபட்டதும் வில்லொன்று ஆளியைத் திறந்து சுற்றைத் துண்டிக்கிறது. பொத்தான் வெளியே வருகிறது. தனக்கு வரும் ஆபத்தின் வலிமையையே கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயம் இது. பிழையைத் திருத்திவிட்டு, கம்பிகளை அகற்றி, பொத்தானை அமுக்கினால் கருவி மீண்டும் வேலைக்கு ஆயத்தம். தொழிலாளர் இதனைக் ‘கட்டவுட்’ என்பார்கள். நாம் தன்னியக்கத் துண்டிப்பான் என்போம்.

ஆனால் அத்துண்டிப்பானுக்கு ஓரியல்பு உண்டு. மின்னதிர்ச்சிக்கு மட்டுமன்றிப் பொறியதிர்ச்சிக்கும் அது அசையும். கருவி கீழே விழுந்தாலோ பலமாக இடிபட்டாலோ, மின் பாயாமலே நெம்பு விடுபட்டுப் பொத்தான் வெளிவருவதுண்டு. வெளிவந்துவிட்டால் சுற்று திறந்திருக்கும். சுற்று திறந்திருக்கும்போது எத்தனை வோல்ற்றுக்குக் குறுக்கே கம்பிகளை வைத்தாலும் காட்டி அசையாது; பூச்சியத்திலேயே நிற்கும்.

இனிப் பட்டறைக்காரர் கூறிய கதைக்கு வருவோம்.

புத்தளம் மாவட்டத்தின் இக்கரையோரம் மின்மோட்டார்களை நம்பியே பிழைப்பு நடத்துகிறது எனினும் மிகையாகாது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றோட்டங்களுக்கு நிலத்தடி நீரை இறைப்பது மோட்டார். மீனவர்க்குப் பனிக்கட்டி தருவது மோட்டார். சிலாபம், உடப்பு, முந்தல் பகுதிகளில் களப்பை அண்டியுள்ள இறால் வளர்ப்புக் குளங்களிலே துடுப்புச் சில்லைச் சுழற்றி நீரிற் காற்றைக் கலப்பதும் மோட்டாரே. பகலிலே நீரிலுள்ள நுண்பாசிகள் பிராணவாயுவைத் தரும். இரவிலே அவையும் சேர்ந்து அதனை நுகரும். ஆதலால் விடியற்புறத்திலே குளத்தில் பிராணவாயு மிகக் குறைந்துவிடும். அவ்வேளையிற் சில்லு நின்றால், பொழுது விடிவதற்குள் ஒரு போகத்தின் முதலே மிதந்துவிடும்.

அத்தகைய ஓர் இரவிலேதான் பட்டறைக்கு ஆள் வந்தது. பட்டறைக்காரரும், அவரிடம் தொழில் பழகிவந்த தமக்கை மகனும் மோட்டார்ச் சைக்கிளில் விரைந்தார்கள். குளத்தங்கரையின் ஒடுங்கிய வரம்பிலே சில்லு சறுக்கியது. பின்னால் இருந்தவனின் தோளிலிருந்து பல்மானி கழன்று வரம்பில் மோதிச் சேற்றில் உருண்டது. பொடியன் அதை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்தான். பெட்டிக்கு ஒன்றும் நேரவில்லை. கண்ணாடியும் முழுதாகவே இருந்தது. குளத்துக்காரரோ பின்னால் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நின்றுபோன சில்லின் மின்பெட்டியைத் திறந்து, கைவிளக்கின் ஒளியில் இரு கம்பிகளையும் முடிவிடங்களில் வைத்தான். காட்டி அசையவில்லை. அடுத்த இரண்டிலும் வைத்தான். அசையவில்லை.

“கரண்ட் இல்லை மாமா, கழட்டவா?” என்று கேட்டுக்கொண்டே ஈரக்கையால் குறட்டை எடுத்தான்.

“பொறு மருமகன். பக்கத்துப் பெட்டியில வைச்சுப் பார்” என்றார் மாமன்.

பக்கத்துக் குளத்தின் சில்லு அப்போதும் சுழன்றுகொண்டிருந்தது. அது நீரை வாரி இறைக்கும் ஓசை இருளிலே நன்றாகக் கேட்டது. அதன் பெட்டியைத் திறந்து பல்மானியை வைத்தான். காட்டி அசையவில்லை. கண்முன்னே சில்லு சுழல்கிறது. கருவியோ மின் இல்லை என்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைவிளக்கை அருகே பிடித்துப் பார்த்தபோது, சேற்றுக்குள் பாதி மறைந்தபடி அப்பொத்தான் வெளியே துருத்தி நின்றது. கம்பிகளை அகற்றிப் பொத்தானை அமுக்கினார்கள். ஓடும் சில்லின் பெட்டியில் வைத்தார்கள்; காட்டி எழுந்தது. மீண்டும் முதற்பெட்டிக்கு வந்தார்கள். கழற்றப் போன அதே முடிவிடங்களில் 400 வோல்ற்று நின்றது. மோட்டாரின் சுருள் கருகியிருந்ததேயன்றி வழங்கற்கம்பியில் மின் நிற்கவில்லை. பிரதான ஆளியைத் துண்டித்து, மறுபடி அளந்து பார்த்த பின்னரே பெட்டியிற் கைவைத்தார்கள்.

இதைக் கேட்டபின் நாம் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. கருவி உழைப்புடையது, உறுதியானது, விழுந்தும் பிழைப்பது என்றெல்லாம் புகழ்கிறோம். அது பிழைத்தது மெய். சுருள் கெடவில்லை; கல் பிளக்கவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள அது செய்த செயலே பொடியனுக்குப் பூச்சியத்தைக் காட்டியது. மின்னளவையிலே 230ஐ 210 என்று காட்டும் கருவி பொல்லாததன்று. அதனால் ஒருவர் மாள்வதில்லை. மின் உள்ள இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லும் கருவியே ஆளைக் கொல்லும். துண்டிப்பான் விடுபட்டாலும், உருகி எரிந்தாலும், சோதனைக் கம்பி உறைக்குள்ளே இற்றிருந்தாலும், பற்றரி சோர்ந்தாலும் காணப்படுவது அந்தப் பூச்சியமே. ஆதலின் தொழில்முறை தெரிந்தோர் உலகெங்கும் ஒரே ஒழுங்கைக் கைக்கொள்கிறார்கள். மின் உண்டென்று தெரிந்த ஓரிடத்தில் முதலில் அளப்பர். பின் வேலை செய்ய வேண்டிய இடத்தில் அளப்பர். மீண்டும் தெரிந்த இடத்தில் அளப்பர். மூன்றாவது அளவை வீண்வேலை என்று மாணவர் நினைப்பதுண்டு. இரண்டாவது அளவையின்போதே கருவி பழுதாகியிருக்கலாம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

எண்காட்டும் புதிய பல்மானிகள் வந்தபின் இவ்விடர் ஒழிந்ததோ என்று வினவலாம். அமெரிக்காவில் ஜோன் புளூக் என்பவர் 1948இல் தொடங்கிய நிறுவனம் இத்துறையிற் பெயர் பெற்றது. 1977இல் 8020ஏ என்னும் கைப்பல்மானியையும், 1988இல் 87 என்னும் மாதிரியையும் அது வெளியிட்டது. மஞ்சள் உறையிட்ட அக்கருவிகள்மீது வாகனம் ஏறியதையும், அவை கூரையிலிருந்து விழுந்ததையும், நீரிற் கிடந்து மீண்டதையும் தொழிலாளர் உலகெங்கும் கதைகதையாகச் சொல்வர். கதைகளை விடுவோம், அந்நிறுவனத்தின் 28-இரண்டு என்னும் மாதிரி, உறையுடன் 10 அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்குமாறு சோதிக்கப்பட்டது, 1 மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாத தரமுடையது. எண்காட்டியில் சுருளுமில்லை, இரத்தினக் கல்லுமில்லை. விழுந்து மழுங்க முனை இல்லை.

எனினும் வலிமையை வெளியுறையைக் கொண்டு அளத்தல் தகாது. அதன் வயிற்றுக்குள் உள்ள உருகியைப் பாருங்கள். மலிவான கருவிகளில் சிறு கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கம்பி இருக்கும். பெரிய மின்வழியிலே பிழை நேர்ந்தால் கம்பி உருகும், ஆனால் உருகிய உலோக ஆவியின் ஊடாகவே மின்வில் தொடர்ந்து எரியும், கண்ணாடி வெடிக்கும், பெட்டி கையிலேயே சிதறும். நல்ல கருவியின் உருகியோ தடித்த குழாய். உள்ளே படிகமணல் நிரப்பியிருக்கும். மின்வில் எழுந்தவுடன் மணல் அதன் வெப்பத்தைக் குடித்து உருகிக் கண்ணாடியாகி வழியை அடைத்துவிடும். எமது மாவட்டத்திலேயே நாத்தாண்டியா, மாறவில பக்கங்களிற் கண்ணாடித் தொழிலுக்கெனத் தோண்டும் வெண்மணலைப் பார்த்திருக்கும் மாணவர், அதே படிகமணல் ஓர் உயிரையும் காக்க வல்லதென்பதை அறிந்து மகிழ்வார்கள். இவ்வுருகி விலை கூடியது. அது எரிந்தபின் சிலர் ஈயக்காகிதத்தைச் சுருட்டி அவ்விடத்தில் வைக்கிறார்கள். இதனிற் பெரும் பேதைமை பிறிதில்லை.

இடியும் மின்னலும் கம்பிகளிற் கணநேரம் எழுப்பும் அதியுயர் அழுத்தத்துக்கும் கருவி ஈடுகொடுக்க வேண்டும். இதற்கெனச் சர்வதேச நியமம் இடங்களை வகுத்துள்ளது. வீட்டுக் குதையிற் செருகும் சாதனங்கள் இரண்டாம் வகை. விநியோகப் பலகையும் நிலையான மோட்டாரும் மூன்றாம் வகை. வெளிக்கம்பியும் அது வீட்டுக்குள் நுழையும் இடமும் நான்காம் வகை. 1000 வோல்ற்று மூன்றாம் வகை என்று குறித்த கருவி, 8000 வோல்ற்றுக் கணநேர அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். சந்தையிலே மலிவு விலைக்கு விற்கும் சில பெட்டிகளிலும் இவ்வெழுத்துக்களே அச்சிடப்பட்டிருக்கக் காண்கிறோம். திறந்து பார்த்தால் அதே கண்ணாடி உருகி. அச்சிட்ட எழுத்து எவரையும் காவாது.

கரையோரத்துக்கென்று தனியே ஒரு பகை உண்டு. அது உப்புக் காற்று. புத்தளத்தின் உப்பளங்களை வெயில் உலர்த்துவதும், நுரைச்சோலை அனல் மின்நிலையத்துக்கு அண்மையில் நின்றால் உதட்டிற் கரிப்பதும் ஒரே காற்றே. இது தெரிவாளியின் தொடுகைகளிற் படிந்து பச்சைக் களிம்பை உண்டாக்கும். முகத்தகட்டிற் படிந்த உப்பு ஈரத்தை உறிஞ்சி, காவலியின்மீது மின்னுக்கு வழி திறக்கும். பட்டறைக்காரர் தம் பல்மானியை அரிசிப் பேணியைப்போல மூடி வைக்கிறார். நெடுநாள் பயன்படுத்தாவிடின் பற்றரியைக் கழற்றி விடுகிறார். களப்பு நீரில் விழுந்த கருவியை வெயிலில் உடனே காயவைப்பது பிழை என்பது அவர் அனுபவம். பற்றரியை அகற்றி, முதலில் நன்னீரால் உப்பு நீங்கக் கழுவி, நிழலிலே பல நாள் உலர்த்த வேண்டும் என்கிறார். அதன்பின்னும் அது உயர் அழுத்தத்துக்கு உரியதன்று. பற்றரியும் மின்குமிழும் சோதிக்கவே உரியது. இவ்விடயத்தில் அவர் பிடிவாதக்காரர். சரியென்றே நாமும் கருதுகிறோம்.

புதியது இருக்கப் பழையதை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டோம். தம்மிடம் மஞ்சள் உறைப் பல்மானியும் உண்டென்று காட்டினார். மும்முனை வேலைக்கு அதையே கொண்டுபோகிறாராம். பழையதைப் பட்டறைக்குள்ளேயே வைத்து, சுற்றிய சுருளின் தடையைப் பார்க்கவும், தொழில் பழக வரும் பொடியன்களுக்குக் காட்டவும் வைத்திருக்கிறாராம். எண்காட்டி இலக்கத்தைச் சொல்லும். காட்டியோ மெல்ல எழுவதையும் நடுங்குவதையும் தளர்வதையும் சொல்லும் என்பது அவர் வாதம். அதனை முற்றாக மறுக்க எம்மால் இயலவில்லை.

பூசை முடிந்தது. அவலும் கடலையும் பகிர்ந்தார்கள். தொழிற்கூடத்தை மறுநாள்வரை மூடிவைப்பதே வழக்கம். ஆயினும் அவ்வேளையில் பனிக்கட்டித் தொழிற்சாலையொன்றிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. எழுந்தவன் அன்று வரம்பில் சறுக்கிய அதே மருமகன். இன்று அவனுக்கும் மீசை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. மஞ்சள் உறைப் பல்மானியை எடுத்து, அதிலிருந்த சந்தனத்தைத் துடைத்தான். வாசலைத் தாண்டுமுன் சுவரோரம் சென்று, இரு கம்பிகளையும் குதையில் வைத்து, எண் தெரியும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.